மாஸ் எஃபெக்ட் ஆண்ட்ரோமெடா: இப்போ வாங்கி விளையாடலாமா? எதை விடலாம், எதை விடக்கூடாது?

மழைக்காகம்:

மாஸ் எஃபெக்ட் வீடியோ கேம் தொடர்ல முதல் மூணு பாகமும் முடிச்சாச்சு. அடுத்து ஆண்ட்ரோமெடா. ஸ்டீம் இணையக் கடையில தள்ளுபடி வந்தா அடிமாட்டு விலைக்குக் கிடைக்குது. ஆனா பேரைச் சொன்னாலே எல்லாரும் அந்த முக அசைவு வீடியோக்களைத்தான் அனுப்புறாங்க. முகம் கோணலா இருக்குங்கறதுக்காக மட்டும் ஒரு ஆட்டத்தை ஒதுக்க மனசு வரல. நிஜமா குறை எங்கே, அதைத் தாண்டி ரசிக்க என்ன இருக்கு, இது தெரிஞ்சா போதும்.

இன்னொண்ணு, நூறு மணி நேரம் எல்லாம் ஒதுக்க முடியாது. நாற்பது ஐம்பதுக்குள்ள முடியணும்னா எந்த வேலையை எடுக்கணும், எதைத் தொடவே கூடாது? கணினி: ஐ5, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650. கதையை உடைக்காம சொல்லுங்க.

ஆறாம்விரல்:

வாங்கலாம். ஆனா முதல் மூணு பாகத்தை விளையாடின மாதிரி விளையாடினா பதினைந்தாவது மணி நேரத்துல அலுத்துப்போய் மூடி வைச்சிடுவீங்க. நிறைய பேர் அங்கேதான் நின்னாங்க. குறிப்பா ஈயோஸ் கிரகத்துல.

ஈயோஸ்தான் நீங்க சுதந்திரமா சுத்துற முதல் கிரகம். தரை முழுக்கக் கதிர்வீச்சு. வரைபடத்துல கேள்வி கேட்கிற மாதிரி குறிகள் கொட்டிக் கிடக்கும், ஆனா பாதி இடத்துக்குப் போனா உயிர்காப்பு அளவு கடகடன்னு இறங்கும். பழைய பழக்கத்துல, ஒரு இடத்தைத் துடைச்சு முடிச்சுட்டுத்தான் அடுத்ததுன்னு நினைக்கிறவங்க இங்கே சிக்குறாங்க. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மூணு மோனோலித்தை (பழைய அன்னிய இயந்திரத் தூண்கள்) உயிர்ப்பிங்க, வால்ட்டை (அதோட நிலத்தடிக் கூடம்) திறங்க, உள்ளே வேலையை முடிங்க, புரோட்ரோமாஸ் குடியிருப்பை நிறுவுங்க, கிளம்புங்க. கதை நகர்ந்த பிறகு திரும்பி வந்தா கதிர்வீச்சு அடங்கி இருக்கும், புதுப் பணிகளும் திறந்திருக்கும். அப்போ நோமாட் வண்டியில அதே இடத்தைப் பாதி நேரத்துல முடிக்கலாம். டிராகன் ஏஜ் இன்குவிசிஷன் விளையாடியிருந்தா அதோட முதல் பெரிய பகுதி ஹின்டர்லாண்ட்ஸ் ஞாபகம் வரும். அதே நோய், அதே மருந்து.

பணிப்பட்டியல்ல நாலு தலைப்பு இருக்கும். பிரையாரிட்டி ஆப்ஸ் முக்கியக் கதை. அலைஸ் அண்ட் ரிலேஷன்ஷிப்ஸ் கூட்டாளிகளோட பணிகள், ஒண்ணைக்கூட விடாதீங்க. ஹீலியஸ் அசைன்மென்ட்ஸ் கலப்படம், பாதி நல்லா இருக்கும். கடைசியா அடிஷனல் டாஸ்க்ஸ். அதை எடுத்துக்கோங்க, மறந்துடுங்க. பத்துத் தாது எடு, இத்தனை சடலத்தை ஸ்கேன் பண்ணு ரகம். பலதுக்கு வரைபடத்துல குறியே இருக்காது. தற்செயலா கிட்டே போனாத்தான் தெரியும். தேடிப் போறது வீண்.

கட்டாயம் செய்ய வேண்டியதுல முதல்ல வர்றது நம்ம பாத்திரமான ரைடரோட குடும்ப ரகசியம். அங்கங்கே கிடக்கிற நினைவுத் தூண்டல்களைச் சேகரிச்சு, ஹைபீரியன் கப்பல்ல சாம் நோடுக்கு (நம்மகூடவே வர்ற செயற்கை அறிவான சாமோட அறை) போய்ப் பார்க்கணும். முழு ஆட்டத்துலயும் எழுத்து நல்லா அமைஞ்ச இடங்கள்ல அதுவும் ஒண்ணு. இன்னொண்ணு கூட்டாளி லியாமோட விசுவாசப் பணி. தொடர்லயே வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிற பணி அதுதான், விண்கலத்துக்குள்ள தரை எது சுவர் எதுன்னு தெரியாம நடக்கணும். டிராக், பீபீ, ஜால் மூணு பேரோடதும் நல்லா இருக்கும்.

ஒவ்வொரு முக்கியப் பணி முடிஞ்சதும் நம்ம கப்பல் டெம்பஸ்டுக்குத் திரும்பி மின்னஞ்சலைப் பாருங்க, எல்லாரிடமும் ஒரு சுத்துப் பேசுங்க. கூட்டாளிப் பணிகள் அப்படித்தான் அடுத்த படிக்கு நகரும். மூவி நைட்னு ஒரு பணி இருக்கு, அங்கே போ இதை வாங்கு இங்கே வானு இழுத்துக்கிட்டே போகும். அதுக்காகத் தனியாப் பயணம் போகாதீங்க, வேற வேலையா அந்தப் பக்கம் போறப்போ முடிங்க. கடைசிக் காட்சி பார்க்க வேண்டியது.

கிரகம் கிரகமாச் சுத்துறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை: முக்கியப் பணிக்குள்ளயும் வால்ட்டுக்குள்ளயும் நம்ம இஷ்டத்துக்கு சேவ் பண்ண முடியாது. தானா பதிவாகிறதுதான். அரை மணி நேரம் மட்டும் கையில இருந்தா வால்ட்டுக்குள்ள நுழையாதீங்க.

செம்புலம்:

ஆறாம்விரல் சொன்ன வழி சரி. ஆனால் குறை எங்கே என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. முகம் என்பது மேல்தோல்தான். 2017 மார்ச் 21இல் வெளியானது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே வந்த 1.05 பேட்ச் (திருத்தப் பதிப்பு) கண்களையும் உதட்டசைவையும் ஓரளவு சரிசெய்துவிட்டது. இப்போது நிறுவுகிறவருக்கு அந்தக் கேலி வீடியோவில் இருந்த கண்ணாடிக் கண்கள் அவ்வளவாகத் தென்படாது. நடையும் சில பாவனைகளும் இன்னும் மரக்கட்டைதான்.

உண்மையான குறை, ஒரு ஆட்டத்துக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் வேறொரு ஆட்டத்தைக் கட்டியது. 2017 ஜூனில் கேம் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் எழுதிய விரிவான கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. முதலில் நூற்றுக்கணக்கான கிரகங்களை நிரல் வழியே தானாக உருவாக்குவது என்று திட்டம். அது முப்பது சொச்சமாகச் சுருங்கி, கடைசியில் ஏழாக நின்றது. தயாரிப்பு ஏறக்குறைய ஐந்து ஆண்டு நடந்தது. ஆனால் நாம் விளையாடுகிற வடிவத்தின் பெரும்பகுதி கடைசிப் பதினெட்டு மாதத்துக்குள் உருவானது. இந்த ஆட்டத்துக்கு அடித்தள மென்பொருளான ஃப்ராஸ்ட்பைட் எஞ்சினோ பேட்டில்ஃபீல்டு என்ற போர் ஆட்டத்துக்காக டைஸ் நிறுவனம் உருவாக்கியது. துப்பாக்கிச் சண்டைக்கும் பரந்த நிலத்துக்கும் அது கில்லாடி. பாத்திரங்கள் நின்று பேசுகிற ஆர்பிஜிக்கு வேண்டிய கருவிகளைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

இதை மனதில் வைத்து விளையாடினால் ஒவ்வொரு விரிசலுக்கும் காரணம் புரியும். நிலம் அழகு, வண்டி ஓட்டம் அருமை, சண்டை தொடரிலேயே உச்சம். இவை எஞ்சினுக்குக் கைவந்தவை. கிரகம் மாறினாலும் வேலை மாறாது: மூன்று மோனோலித், ஒரு வால்ட், ஒரு கன்சோல், ஓடித் தப்பு. ஈயோஸ், வோயல்ட், கடாரா, எலாடன் நான்கிலும் கிட்டத்தட்ட இதே தாளம்தான். ஹாவர்லில் மட்டும் வண்டி கிடையாது, நடந்துதான் சுற்ற வேண்டும். அதனாலேயே அந்தச் சிறிய கிரகம் மற்றவற்றைவிட நெருக்கமாக இருக்கிறது.

கதையில் எனக்குள்ள வருத்தம் வேறு. 2185இல் பால்வெளியை விட்டுக் கிளம்பி, அறுநூறு ஆண்டுக்கு மேல் உறங்கி, இன்னொரு விண்மீன் மண்டலத்துக்குப் போய் இறங்குகிறார்கள். இதைவிடப் பெரிய தொடக்கம் உண்டா? போன இடத்தில் சந்திப்பது இரண்டே இரண்டு புதிய இனங்கள்: கெட், அங்காரா. அங்காராவோடு மொழிச் சிக்கல் நொடியில் தீர்ந்துவிடுகிறது. முதல் சந்திப்பின் அச்சமோ குழப்பமோ எழவேயில்லை. கிளம்பி வந்த இனங்களிலும் குவேரியன், ட்ரெல், ஹனார், எல்கோர், வோலஸ், படாரியன் யாரும் இல்லை. அவர்கள் கப்பல் தாமதம் என்று ஒரு வரி. பிறகு வரும் விரிவாக்கத்தில் பார்க்கலாம் என்று விட்ட இடம் அது. 2017 ஆகஸ்டில் தனிநபர் ஆட்டத்துக்கு இனி எதுவும் வராது என்று ஆட்டத்தை உருவாக்கிய பயோவேர் அறிவித்துவிட்டது. குவேரியன் கப்பலின் கதை ஒரு நாவலாகப் போய்ச் சேர்ந்தது. ஆக, இறுதியில் சில முடிச்சுகள் அவிழாமலே நிற்கும். இரண்டாம் பாகத்தில் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

பழைய நல்லவன் கெட்டவன் புள்ளிமுறையை எடுத்துவிட்டு உணர்ச்சி, தர்க்கம், இயல்பு, அலுவல் என்று நான்கு தொனிகள் வைத்தார்கள். யோசனை நல்லது. ஆனால் எந்தத் தொனியில் பேசினாலும் எதிராளி ஒரே பதிலைத்தான் சொல்கிறார். நெக்ஸஸ் விண்வெளி நிலையத்தில் அதிகாரி அடிசனிடம் இரண்டு விதமாகப் பேசிப் பாருங்கள், தெரியும்.

ஆறாம்விரல்:

தொனி விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா விளைவே இல்லைன்னு எடுத்துக்க வேண்டாம். வோயல்ட்ல கெட் தளத்துல ஒரு முடிவு, சலாரியன் கப்பலைத் தேடுற பணியில டிராக்கோட ஆட்களா சலாரியன் இனத்தோட வழிகாட்டியான பாத்ஃபைண்டரான்னு ஒரு முடிவு, கடாராவுல தலைமைக்கு ஸ்லோனா ரெயெஸான்னு ஒண்ணு. இதெல்லாம் பின்னாடி முகம் காட்டும், குறிப்பா கடைசிச் சண்டையில யார் துணைக்கு வர்றாங்கங்கறதுல. பேச்சுத் தொனியில விளைவு இல்லை, செயல்ல இருக்கு.

நீலச்சுடர்:

யாருமே சண்டை எப்படி அமைக்கணும்னு சொல்லலையே. இந்த ஆட்டத்தை வாங்குறதுக்கே அதுதான் காரணம்.

பழைய பாகத்துல வகுப்பைத் தேர்ந்தா கடைசிவரை அதுதான். இங்கே போர், பயோட்டிக் (ஈர்ப்பை வளைக்கிற உடல் சக்தி), டெக் (கருவி சார்ந்த சக்தி) மூணுலயும் எதை வேணும்னாலும் எடுக்கலாம். எந்தப் பிரிவுல எவ்வளவு புள்ளி போட்டீங்களோ அதுக்கேத்த புரொஃபைல் திறக்கும்: சோல்ஜர், இன்ஜினியர், அடெப்ட், சென்டினல், வேன்கார்ட், இன்ஃபில்ட்ரேட்டர், எக்ஸ்ப்ளோரர். சுதந்திரம்னு நினைச்சு எல்லாத்துலயும் ஒவ்வொரு புள்ளி தூவுறதுதான் பெரிய தப்பு. ஒரே நேரத்துல கையில இருக்கப்போறது மூணே மூணு சக்தி. ஒவ்வொண்ணுக்கும் ஆறு படி, நாலாவது படியிலிருந்து கிளை பிரியும். உண்மையான பலம் அந்தக் கிளைகள்ல. அதனால மூணு சக்தியை முடிவு பண்ணி அதை ஆறு வரை ஏத்துங்க, பிறகு அந்தப் பிரிவோட பாசிவ் (தானா வேலை செய்ற) திறமைகள், அப்புறம்தான் நாலாவது பத்தி யோசனை.

மூணுல ஒண்ணு பிரைமர் (எதிரியை வெடிப்புக்குத் தயார்படுத்துறது), ஒண்ணு டெட்டனேட்டர் (வெடிக்க வைக்கிறது) கட்டாயம் இருக்கணும். இல்லைன்னா காம்போ வெடிக்காது, எதிரி துப்பாக்கி ரவையைத் தின்னுக்கிட்டே நிப்பான். கஷ்டநிலை இன்சேனிட்டிக்குப் போனா இது இன்னும் மோசம். தொடங்க சுலபமான சேர்க்கை: எனர்ஜி ட்ரெயின், சிங்குலாரிட்டி, சார்ஜ். முதலாவது எதிரியோட ஷீல்டைக் கழட்டி உங்களுக்குச் சேர்க்கும். இரண்டாவது அவனைக் காத்துல தூக்கிப் பிடிக்கும், அதுதான் பிரைமர். சார்ஜ்ல பாய்ஞ்சு இடிச்சா வெடிக்கும், உங்க ஷீல்டும் திரும்பும். கிட்டே போக பயம்னா சார்ஜுக்குப் பதில் லேன்ஸ் அல்லது த்ரோ. பிடிக்கலைன்னா டெம்பஸ்ட்லயே புள்ளிகளைத் திரும்ப எடுத்து மாத்தலாம். ஒவ்வொரு தடவையும் காசு கூடும், ஆனா காசு தட்டுப்பாடு வராது.

துப்பாக்கியோட எடையைப் பாருங்க. நாலு துப்பாக்கி சுமந்தா சக்திகள் மெதுவாத்தான் திரும்பும். சக்தியை நம்புறவங்களுக்கு ஒண்ணு போதும். பிரானா ஷாட்கன் கிடைச்சா கிட்டத்துல அதுக்கு ஈடில்லை.

மறைவுல ஒட்டிக்கிட்டு உட்காராதீங்க. ஜம்ப் ஜெட்டும் டாஷும் இருக்கு. மேலே எகிறி, காத்துல நின்னுக்கிட்டே குறி பார்க்கலாம், மறைவுக்குப் பின்னால இருக்கிறவன் தலை தெரியும். குறைன்னா ஒண்ணு: கூட்டாளியோட சக்தியை நாமே ஏவ முடியாது. அங்கே போ, இவனைத் தாக்குனு மட்டும்தான் சொல்லலாம். பழைய பாகத்துல நிறுத்தி நிறுத்தி உத்தரவு போட்டவங்களுக்கு இது கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும்.

கைவினை பத்தி: ஆராய்ச்சிப் புள்ளி மூணு தனித்தனிக் கணக்கு, பால்வெளி, ஹீலியஸ் (நாம போய் இறங்கின பகுதி), ரெம்னன்ட் (பழைய அன்னிய இயந்திரங்கள்). ஸ்கேனரைத் திறந்தா ஆரஞ்சு நிறத்துல மினுக்குறது எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, புள்ளி அதுலதான் வருது. எல்லா ஆயுதத்தையும் ஆராயப் பார்த்தா எதுவுமே மேல போகாது. ஒரு துப்பாக்கி, ஒரு கவசம், அதோட நிறுத்துங்க. பயோ-கன்வெர்ட்டர்னு ஒரு ஆக்மென்டேஷன் (ஆயுதத்துல பூட்டுற கூடுதல் பாகம்) இருக்கு, ரவைக்குப் பதில் உங்க உயிரைக் கொஞ்சம் உறிஞ்சும். ரவை சீக்கிரம் தீர்ற துப்பாக்கிக்கு அதைப் பூட்டிப் பாருங்க.

செம்புலம்:

தாதுவைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சுரங்கப் பகுதிகள் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். நோமாடில் அந்தப் பகுதிக்குள் நுழைந்து சுரங்கத் திரையைத் திறந்தால் வரைகோடுகள் தெரியும். மெதுவாக ஓட்டுங்கள், கோடு உச்சிக்கு ஏறும் இடத்தில் ட்ரோனை இறக்குங்கள். வேகமாக ஓட்டினால் உச்சி தாண்டிப்போய்விடும். செங்குத்தான மேட்டில் வண்டி வழுக்கினால் ஆறு சக்கர நிலைக்கு மாற்றுங்கள். சமதரையில் அதிலேயே ஓட்டினால் வேகம் இருக்காது. இது தெரியாமலேயே பாதி ஆட்டம் ஓட்டிவிட்டு வண்டியைத் திட்டுகிறவர்கள் நிறைய. வண்டியில் துப்பாக்கி இல்லை என்பது நியாயமான புகார். முதல் பாகத்து வண்டியான மாகோவில் பீரங்கி இருந்தது.

கம்பித்தடம்:

கணினிப் பக்கம் நான் சொல்றேன். குறைந்தபட்சத் தேவை ஜிடிஎக்ஸ் 660, 8 ஜிபி ராம். பரிந்துரை ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி, 16 ஜிபி ராம். உங்க 1650 இரண்டுக்கும் நடுவுல. 1080பில தாராளமா ஓடும், அல்ட்ராவுக்கு ஆசைப்படாதீங்க. வட்டுல 55 ஜிபி காலியா வைங்க. எஸ்எஸ்டி இருந்தா அதுல போடுங்க, கிரகத்துக்கு இறங்கும்போதும் ஏறும்போதும் லோடிங் காத்திருப்பு குறையும்.

முதல்ல கை வைக்க வேண்டியது ஆம்பியன்ட் ஒக்ளூஷன் (இடுக்குகள்ல விழுற நிழல்). ஹெச்பிஏஓ ஃபுல்லை விட்டு ஹெச்பிஏஓ அல்லது எஸ்எஸ்ஏஓ. அடுத்தது லைட்டிங், ஷேடோ ரெண்டையும் நடுத்தரம். ஃபிலிம் கிரெயினையும் குரோமாட்டிக் அபரேஷனையும் அணைச்சுடுங்க, அது வேகத்துக்காக இல்லை, கண்ணுக்காக. 8 ஜிபி ராம்தான் உங்களுக்கு நெருக்கடி. பின்னணியில பிரவுசரைத் திறந்து வைச்சுக்கிட்டு நோமாட் ஓட்டினா திக்கும்.

ஸ்டீம்ல வாங்கினாலும் இஏ ஆப் வேணும். மாட் (ரசிகர்கள் செஞ்ச மாற்றங்கள்) போடணும்னா ஃப்ராஸ்டி மாட் மேனேஜர். இங்கேதான் எல்லாரும் தடுமாறுவாங்க: மாட் எல்லாம் சரியா ஏத்தி, ஃப்ராஸ்டி வழியாத் திறந்தும், மாட் இல்லாத ஆட்டமே ஓடும். காரணம், ஃப்ராஸ்டி மாட்டுக்கான கோப்புகளை மாட்டேட்டா (ModData)னு தனி ஃபோல்டர்ல உருவாக்கும். இஏ ஆப் இடையில புகுந்து ஆட்டத்தைத் திறக்கும்போது அந்த ஃபோல்டர் முகவரி தொலைஞ்சு போகுது. டேட்டாபாத்ஃபிக்ஸ் பிளக்இன் போட்டா சரியாகும். மாட் பட்டியலை மாத்தின பிறகும் பழசே ஓடினா மாட்டேட்டா ஃபோல்டரை அழிச்சுட்டு மறுபடி திறங்க, அது புதுசா உருவாகிக்கும். மாட்டோட மல்டிபிளேயருக்குப் போகாதீங்க.

எது போடலாம்னா ஒண்ணே ஒண்ணு: சாமோட வாயை அடைக்கிற மாட். வெப்பம் குறையுது, வெப்பம் கூடுது, இந்தப் பகுதியில தாது இருக்குன்னு அது நொடிக்கு நொடி நச்சரிக்கும். எவ்வளவு பொறுமைசாலிக்கும் வோயல்ட் பனியில பொறுமை போயிடும்.

மழைக்காகம்:

எல்லாருக்கும் நன்றி. வாங்கிட்டேன், ஈயோஸ்ல இரண்டாவது மோனோலித்ல நிக்கிறேன். அந்தச் சுடோக்கு மாதிரி புதிர்ல தப்புப் போட்டா ரெம்னன்ட் கூட்டம் வந்து மொய்க்குது. மூணு தடவை ஆச்சு. புதிரைப் போடாம தாண்ட வழி இருக்கா?

ஆறாம்விரல்:

ரெம்னன்ட் டிகிரிப்ஷன் கீ வாங்கினா புதிரைத் தாண்டலாம். வியாபாரிகள்கிட்ட கிடைக்கும், 1.05க்குப் பிறகு விலையும் குறைவு. ஆனா ஒரு தடவை முறை புரிஞ்சா சாவி தேவைப்படாது.

முதல்ல சுத்தியிருக்கிற எழுத்துருக்களை (எழுத்து மாதிரியான அன்னியக் குறிகள்) ஸ்கேன் பண்ணணும், இல்லைன்னா கன்சோலே திறக்காது. ஸ்கேனரைத் திறந்து கன்சோல்லேர்ந்து போற ஒளிக்கம்பிகளைப் பின்தொடருங்க. குறைஞ்சது ஒரு எழுத்துரு தூண் உச்சியில இருக்கும், ஜம்ப் ஜெட்டை வைச்சு ஏறணும். புதிர்ல சுடோக்கு விதிதான், எண்ணுக்குப் பதில் எழுத்துரு. ஒரு வரிசையில, ஒரு பத்தியில, தடித்த கோடு சுத்தின ஒரு கட்டத்துக்குள்ள ஒரே உரு இரண்டு தடவை வரக்கூடாது. பெரும்பாலானவங்க அந்தத் தடித்த கோட்டைக் கவனிக்கிறதில்லை, அங்கேதான் தப்பு. சில புதிர்ல அந்தக் கட்டம் சதுரமா இருக்காது, கோணலா வளைஞ்சு போகும். எந்தக் கட்டத்துல ஏற்கெனவே அதிகம் நிரம்பியிருக்கோ அங்கே தொடங்குங்க. திரையை ஃபோன்ல படம் பிடிச்சுக் காகிதத்துல போட்டு முடிச்சுட்டு அப்புறம் நிரப்புங்க. நேரக் கணக்கு எதுவும் ஓடாது.

வால்ட்டுக்குள்ள போனதும் இன்னொண்ணு. கடைசிக் கன்சோலை அழுத்தின உடனே பின்னாலேர்ந்து ஒரு கரும்புகை துரத்தும், பட்டா உயிர் போயிடும். அதனால பெட்டி, ஸ்கேன், பக்கத்து அறை எல்லாம் அழுத்துறதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க.

நீலச்சுடர்:

அந்தக் கன்சோலுக்கு முன்னால நிக்கும்போது, வந்த வழியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கோங்க. ஓடும்போது எகிறித் தாண்டுற மேடைகள் சிலது இருக்கு, அதுல விழுந்தா புகை எட்டிப் பிடிச்சுடும். அப்புறம் இன்னொண்ணு, ஈயோஸ்லயே நோமாட்ல போகும்போது பெரிய பாம்பு மாதிரி ஒண்ணு வானத்துல நெளியும். அது ஆர்க்கிடெக்ட். இப்போ தொடாதீங்க. நிலை கூடின பிறகு வந்து காலை உடைச்சு, தலை திறக்கும்போது அடிக்கணும்.

மழைக்காகம்:

தடித்த கோடுதான். அதைப் பார்க்கவே இல்லை. திறந்தாச்சு.